பன்றி தீனியை விட்டால் பார்த்திருக்காதீர்கள்

வீட்டு வளவில் இரண்டு மூன்று பன்றிகளை வளர்க்கும் குடும்பத்துக்கு ஒரு பன்றி இறப்பது பல மாத உழைப்பின் இழப்பு. பெரும்பாலான நோய்களுக்கு முதல் அறிகுறி ஒன்றுதான்: பன்றி தீனி எடுக்காமல் ஒதுங்கிப் படுப்பது. அன்றைக்கே கவனித்தால் பல பன்றிகளைக் காப்பாற்றலாம்.

முதலில் குதவழியாக உடல் வெப்பத்தை அளவுங்கள். வழமையான வெப்பநிலை ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். 40 பாகையைத் தாண்டினால் கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

வெயில் தாக்கம்: பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு. வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுசென்று, சாதாரண தண்ணீரால் உடலை நனையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உப்பு நஞ்சாதல்: குடிதண்ணீர் இல்லாமற்போனால் வழமையான தீனியில் உள்ள உப்பே நஞ்சாகும். பன்றி தள்ளாடும், சுவரில் முட்டும், வலிப்பு வரும். தண்ணீரை ஒரேயடியாக வைக்காமல் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். கருவாடு, ஊறுகாய் போன்ற உப்புக் கழிவுகளைத் தவிருங்கள்.

சொறி: காதுக்குள் பொருக்குக் கட்டி, பன்றி ஓயாமல் உரசும். கழிவு எண்ணெய் பூசாதீர்கள். வைத்தியர் எடை பார்த்துத் தரும் மருந்தால் குணமாகும்.

செந்தடிப்பு நோய்: காய்ச்சலுடன் தோலில் சாய்சதுரத் தடிப்புகள் தோன்றும். நேரத்துக்குப் பெனிசிலின் ஊசி போட்டால் பிழைக்கும். கைக்காயத்தின் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை அணியுங்கள்.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: இது 2024 இல் இலங்கையிலும் உறுதிப்படுத்தப்பட்டது. கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், வாந்தி, இரத்தக் கழிச்சல், அடுத்தடுத்து திடீர் இறப்பு என்பன அறிகுறிகள். மருந்து இல்லை. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வைரசு இறைச்சியிலும் உடுப்பிலும் செருப்பிலும் பரவும். செந்தடிப்பு நோயிலும் தோல் சிவக்கும். ஆய்வுகூடப் பரிசோதனையால் மட்டுமே பிரித்தறியலாம்.

இந்தச் சந்தேகம் வந்தால் மிஞ்சிய பன்றிகளை அவசரமாக விற்கவோ வெட்டவோ வேண்டாம். உங்கள் நட்டத்தைக் குறைக்க விற்கும் ஒரு பன்றி, அயலவரின் பட்டியையே அழிக்கலாம். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும்படி இறந்த பன்றியைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். ஆற்றிலோ பற்றைக்குள்ளோ வீசாதீர்கள்.

கடைச் சாப்பாட்டுக் கழிவு கொடுப்பவர்கள் அதைக் கிளறியபடி 30 நிமிடமாவது நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டே கொடுக்க வேண்டும். பன்றி இறைச்சி கலந்த கழிவை அறவே தவிருங்கள். புதிதாக வாங்கிய பன்றியை முதல் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். பட்டிக்கு வெளியே போட்ட செருப்புடன் உள்ளே போகாதீர்கள்.