புழுவின் வயிறும் நம் வயிறும்: ஒரு கத்தரிக்காய்ப் பாடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் அக்கா பேத்தி மதுரையிலிருந்து போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "சின்னாச்சி, மரபணு மாற்றம் நல்லதா கெட்டதான்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க சயின்ஸ் டீச்சர்தானே, சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. இதே கேள்வி முன்பு ஒருமுறை என் வகுப்பில் வந்தது. அன்று நான் நடந்துகொண்ட விதம் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

2010 பிப்ரவரி 10, புதன்கிழமை. எட்டாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று கரும்பலகையில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்றாள். அவள் அப்பா தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கத்தரி போடுகிறவர்.

"டீச்சர், பேப்பர்ல போட்டிருக்கே, அந்தக் கத்தரிக்காயைப் புழு தின்னா செத்துப்போவுமாம்லா? அப்ப நம்ம வயித்துக்கு ஒண்ணும் ஆவாதா?"

எனக்குப் பாடம் முடிக்கிற அவசரம். அதைவிடப் பெரிய காரணம், எனக்குப் பதில் தெரியாது. "பாடத்துல இல்லாததை எல்லாம் கேக்காதே, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் எந்தப் பிள்ளையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவள் பார்த்த செய்தி முதல் நாள் டெல்லியில் வந்த அறிவிப்பு. பி.டி. கத்தரிக்காயைச் சாகுபடிக்கு விடுவதில்லை, இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிப்ரவரி 9-ஆம் தேதி அறிவித்திருந்தார். இந்த வரலாறு உங்களில் பலருக்கு மறந்திருக்கும். சிலர் அப்போது கைக்குழந்தைகள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மண்ணில் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்துவிழுந்த காரணத்தைத் தேடியபோது இது கண்ணில் பட்டது. 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியாப் பகுதியில் மாவுப் பூச்சியிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதம் சில வகைப் புழுக்களைக் கொல்லும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்தால், செடியே அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளும். பாக்டீரியா பெயரின் முதல் எழுத்துகள்தான் 'பி.டி.' 2002-ல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அடுத்துக் கத்தரி. 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கும் பச்சைக்கொடி காட்டியது. பருத்தியை உடுத்துகிறோம், கத்தரியைச் சாப்பிடுகிறோம். நாடு முழுவதும் சத்தம் எழுந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியைத் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே உருவான ரகம்தான் கே.கே.எம். 1. முட்டை மாதிரி சின்னதாக, பால் வெள்ளையாக, கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவைச் சேர்த்துப்பார்த்த நான்கு ரகங்களில் இதுவும் ஒன்று. கோ 2, எம்.டி.யூ. 1, பி.எல்.ஆர். 1 ஆகியவை மற்ற மூன்று. எங்கோ வெளிநாட்டு விவகாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நம் ஆற்றங்கரைக் கத்தரிக்காய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய உறவினர் ஒருவரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். மறுநாள் வகுப்புக்கு ஒரு பாட்டில் செம்பருத்திப்பூச் சாறும், எலுமிச்சம்பழமும், கொஞ்சம் சுண்ணாம்பும் கொண்டுபோனேன். முதலில் அந்தப் பிள்ளையிடம், "நேத்து நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல. அதை மறைக்கத்தான் சத்தம் போட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். முப்பது வருஷ வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்த வாக்கியங்களில் அது ஒன்று.

பிறகு பாடம். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். முதலாவது அமிலம், இரண்டாவது காரம். (மிளகாய்க் காரம் இல்லடா என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.) நம் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பெப்சின் என்ற நொதி அந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்து புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டும். புழுவின் நடுக்குடலோ நல்ல காரத்தன்மை உள்ளது. பி.டி. புரதம் அந்தக் காரத்தில்தான் கரையும். புழுவின் நொதிகள் அதை வெட்டி வீரியமாக்கும். பிறகு அது குடல் சுவரின் செல்களில் உள்ள ஒரு பிடிமானத்தில் போய் ஒட்டும். பூட்டுக்குச் சாவி மாதிரி. ஒட்டியதும் செல்லில் துளை விழும், செல் வீங்கி வெடிக்கும், புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகும்.

"நம்ம சிறுகுடல்லயும் கொஞ்சம் காரம்தானே டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். கெட்டிக்காரன். ஆமாம், ஆனால் லேசான காரம்தான். அதற்கு முன்னால் இரைப்பையைத் தாண்டி வரவேண்டும். தாண்டி வந்தாலும் அந்தச் சாவிக்கான பூட்டு நம் குடல் செல்களில் இல்லை. ஆகவே புழுவுக்கு நடப்பது அதே விதமாக நமக்கு நடக்காது என்று விளக்கினேன். பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

கேள்வி கேட்ட பிள்ளை மறுபடி எழுந்தாள்.

"எங்கப்பா வாரத்துக்கு ரெண்டு வாட்டி மருந்து அடிக்காவ டீச்சர். மருந்து அடிச்ச காயை எங்கம்மா வீட்டுக்கு எடுக்கவே மாட்டாவ. அந்தப் புதுக் கத்தரி வந்தா மருந்து கொறையுமாம்லா? பொறவு ஏன் வேண்டாங்காவ?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் காயைச் சந்தையில் வாங்கித் தின்பது நாங்கள்தான் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அதற்குமேல் செரிமான மண்டலம் உதவவில்லை. வயிறு என்ன செய்யும் என்பதைப் பாடம் சொல்லும். வேண்டுமா வேண்டாமா என்று யார், எப்படி முடிவு செய்வது என்பதைப் பாடம் சொல்லாது.

அதனால் அந்த வார வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு கூட்டம் நடத்தினோம். ஒரு வரிசை விவசாயிகள், ஒரு வரிசை சாப்பிடுகிறவர்கள், ஒரு வரிசை விஞ்ஞானிகள். "புழு பக்கம் யாரு பேசுவா?" என்று ஒருவன் கேட்டான். அவனையே புழு ஆக்கினோம். "எல்லா வயல்லயும் இதையே போட்டா, சாகாத புழு மட்டும் மிஞ்சிக் குட்டி போடும், அப்ப என்ன செய்வீய?" என்று அவன் கேட்டது நல்ல வாதம். பி.டி. பருத்தியில் காய்ப்புழு விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தேன்.

நிஜமான கூட்டங்கள் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு ஊர்களில் அமைச்சர் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு ஊரிலும் நடக்கவில்லை. நீண்டகாலச் சோதனைகள் வேண்டும், நாட்டுக் கத்தரி வகைகளைச் சேகரித்துக் காப்பாற்ற வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆலோசனை சொன்னார். கத்தரிக்கு இந்தியா ஒரு தாய்வீடு. இங்கே இருக்கிற அத்தனை வகையும் வேறெங்கும் இல்லை. அமைச்சரின் முடிவறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மஹிகோ விதை நிறுவனமும் 2005-ல் செய்த ஒப்பந்தத்தில், விதை யாருக்குச் சொந்தம், பல்கலைக்கழகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றிக் கவலை தரும் கேள்விகள் எழுவதாக அவர் எழுதியிருந்தார். கே.கே.எம். 1-க்குள் ஒரு மரபணு சேர்ந்தால், அது பிறகும் நம் ஊர்க் கத்தரியா என்ற கேள்வி அது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபரில் பங்களாதேஷ் அதே பி.டி. கத்தரிக்கு அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்துத் தொடங்கினார்கள். நம் நாட்டில் நிறுத்திவைத்தது நிறுத்திவைத்தபடியே இருக்கிறது. 2022-ல் மரபணு மாற்றிய கடுகு வந்தது. அந்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் வேறுவேறு தீர்ப்பு எழுதினார்கள். படித்தவர்களே ஒத்துப்போகாத விஷயம் இது. எட்டாம் வகுப்புப் பிள்ளையை உட்காரச் சொல்லி வாயை மூடவைத்தால் தீர்ந்துவிடுமா?

இனி என் சொந்தக் கதை. பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்குச் சர்க்கரை வந்தது. இப்போது தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். வீட்டு ஃபிரிட்ஜில் கதவுப்பக்கம் இன்சுலின், கீழ்த்தட்டில் கத்தரிக்காய். ஒருநாள் மருந்து அட்டையைப் படித்தபோதுதான் உறைத்தது. இன்சுலின் நம் கணையம் சுரப்பது. 1922-ல் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டபோது, அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். அறுபது வருஷம் மாடும் பன்றியும்தான் சர்க்கரை நோயாளிகளுக்குப் படி அளந்தன. 1978-ல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைச் சுரக்கவைத்தார்கள். 1982-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. கத்தரிக்காயில் பயந்த அதே கைவேலையைத் தினமும் காலையில் வயிற்றில் குத்திக்கொள்கிறேன்!

அப்படியானால் கத்தரிக்கும் சரி என்று ஆகிவிடுமா? அப்படியும் இல்லை. இன்சுலின் செய்யும் பாக்டீரியா தொழிற்சாலைத் தொட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. கத்தரிப் பூவின் மகரந்தம் தேனீயோடு அடுத்த வயலுக்குப் போகும். மருந்தை நான் தெரிந்துதான் எடுத்துக்கொள்கிறேன். சந்தைக் கூடையில் கலந்து கிடக்கும் காயில் எது எது என்று எனக்குத் தெரியாது. கைவேலை ஒன்றுதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

மனித உடம்பிலும் இதே மாதிரிதான். 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத்தான் என்றார். உலகமே கண்டித்தது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தத் திருத்தம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் போகலாம். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

இன்னொரு பக்கம் பாருங்கள். அரிவாள் செல் ரத்தசோகை என்ற நோய் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இருப்பது 1952-லேயே பதிவானது. இந்த நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒரு மரபணுத் திருத்த சிகிச்சையை அனுமதித்தது. நோயாளியின் ரத்தம் உண்டாக்கும் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி உடம்புக்குள் விடுகிறார்கள். அது அந்த ஒருவரோடு முடிந்துவிடும், சந்ததிக்குப் போகாது. அங்கே சம்மதம் பற்றிய சிக்கல் குறைவு. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது எப்போது கிடைக்கும் என்பது அங்கே எழும் கேள்வி.

பாருங்கள், ரத்த மண்டலமா, இனப்பெருக்க மண்டலமா என்பதைப் பொறுத்து நியாயம் மாறுகிறது. அதனால் உடல் மண்டலங்கள் பாடத்தையும் நல்லது கெட்டது பேசுவதையும் பிரித்து நடத்தக்கூடாது என்பது என் அனுபவம்.

அக்கா பேத்தியிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். "நல்லதா கெட்டதான்னு எழுதாதே. ஒரு மரபணு மாற்றத்தை எடுத்துக்கோ. உடம்புக்குள்ள போய் அது எங்க வேலை செய்யுது? அந்த ஆளோட நிக்குமா, வெளிய பரவுமா? லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு? முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டாங்க? இந்த நாலையும் எழுது." அவள் இன்சுலினை எடுத்துக்கொண்டாள். ஆச்சி தினமும் போடுவதால் சுலபமாம்.

உங்களில் பலர் இன்று பெற்றோர்கள், சிலர் ஆசிரியர்கள். பிள்ளை கேட்பது பாடத்தில் இல்லை என்றால், தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை இதைப் படிக்கிறாளா என்று தெரியவில்லை. பேர் போடவில்லை, அவளுக்குத் தெரியும். அம்மா, உன் இரண்டாவது கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்பா இப்போது கத்தரி போடுகிறாரா, மருந்து குறைந்திருக்கிறதா, வீட்டுக்குக் காய் எடுக்கிறீர்களா என்று முடிந்தால் ஒரு வரி எழுது.

தவறு ஏதும் இருந்தால் உரிமையோடு திருத்துங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்.