வாய் திறக்காத உரிமை

"விசாரணைக்குக் கூப்பிட்டால் பேசாமல் இருக்கலாம்தானே அண்ணை?" என்று கிளேட்டனில் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் தெரியும், நேயர்களே. 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஏற்கவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்ததைச் சாட்சியமாக்க இடம் கொடுத்தது. எத்தனை பிள்ளைகள் அதனால் சிறை போனார்கள்!

இங்கே விக்ரோறியாவின் ஊழல் தடுப்பு ஆணைக்குழு 'ஐபாக்' முன்னாலும் மௌனம் செல்லாது. பலராட் பொலிசார் இருவர், இன்னும் குற்றஞ்சாட்டப்படாத நிலையில், அந்த உரிமையைக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போய் 2016இல் தோற்றார்கள். ஐபாக் சட்டத்தின் 144ஆம் பிரிவு அதை நீக்கியிருந்தது. ஆனால் அதே பிரிவு, குற்றத்தில் மாட்டிவிடும் பதிலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பாவிக்கவும் விடாது. பொய்ச் சாட்சியம், ஒழுக்காற்று நடவடிக்கை போன்ற சிலவே விதிவிலக்கு.

அழைப்பாணை வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். நான் வெறும் கணக்காளன்.