நொய்ஷ்வான்ஷ்டைன்: அரியணை இல்லாத அரண்மனை

நொய்ஷ்வான்ஷ்டைன் ஜெர்மனியின் தென்கோடியில், பவேரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலை தொடங்கும் இடத்தில் ஒரு பாறை முகட்டின் மேல் நிற்கும் அரண்மனை. ஆஸ்திரிய எல்லை மிக அருகில் இருக்கிறது. வெளிர்நிறச் சுண்ணக்கல் சுவர்கள், கூம்பிய கூரைகள், ஒல்லி ஒல்லியாய் மேலெழும் கோபுரங்கள் எல்லாமாகச் சேர்ந்து, ஏதோ கதைப் புத்தகத்தின் அட்டைப் படம் போலவே இருக்கும். கலிபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது அங்கே எழுப்பப்பட்ட 'தூங்கும் அழகி'யின் கோட்டைக்கு இதுதான் தூண்டுதல். அதனால் இங்கு வருகிறவர்களில் பலர் சாயலை முதலில் பார்த்துவிட்டு அசலைத் தேடி வருகிறவர்கள்.

கோட்டை என்று எல்லோரும் சொன்னாலும் போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழமையும் இல்லை. அடிக்கல் நாட்டப்பட்டது 1869 செப்டம்பர் 5. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட அதே ஆண்டு. ஐரோப்பாவில் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மன்னர் 12ஆம் நூற்றாண்டு வீரர் கோட்டை ஒன்றைத் தனக்காகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். பெயர்கூட அவர் வைத்ததல்ல. அவர் காலத்தில் 'புதிய ஹோஹென்ஷ்வாங்காவ்' என்றே வழங்கியது. 'புதிய அன்னப்பாறை' என்று பொருள்படும் இன்றைய பெயர் அவர் இறந்த பிறகு வந்தது.

அந்த மன்னர் இரண்டாம் லூட்விக். 1845இல் பிறந்து 1864இல், பதினெட்டு வயதில், பவேரியாவின் அரியணை ஏறியவர். சிறுவயதின் பெரும்பகுதி, எதிரே தாழ்ந்த குன்றில் தந்தை இரண்டாம் மாக்ஸிமிலியன் புதுப்பித்த மஞ்சள் நிற ஹோஹென்ஷ்வாங்காவ் அரண்மனையில் கழிந்தது. அதன் சுவர் முழுக்க அன்ன வீரனின் கதையும் பழைய வீரகாவியக் காட்சிகளும். அன்னம் இழுக்கும் படகில் வந்து இளவரசியைக் காப்பாற்றும் லோஹென்கிரின் கதையை ரிச்சர்ட் வாக்னர் ஓபராவாக்கியிருந்தார். அதைப் பதினைந்து வயதில் பார்த்த லூட்விக் பிறகு அதிலிருந்து மீளவே இல்லை எனலாம். அரசரானதும் முதல் வேலைகளில் ஒன்றாகக் கடனில் மூழ்கிக்கிடந்த வாக்னரை மூனிச்சுக்கு வரவழைத்தார்.

அரசியல் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1866இல் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவிடம் பவேரியா தோற்றது. 1871இல் ஜெர்மானியப் பேரரசு அமைந்தபோது பவேரிய மன்னர் பட்டத்தில் மட்டும் மன்னராக மிஞ்சினார். நாட்டில் கிடைக்காத முடியாட்சியை அவர் கல்லிலும் சுண்ணாம்பிலும் தேடினார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அது பொருத்தமான விளக்கமாகவே படுகிறது.

1867இல் லூட்விக் ஜெர்மனியின் வார்ட்புர்க் கோட்டையையும், பிரான்சில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த பியெர்ஃபோன் கோட்டையையும் போய்ப் பார்த்தார். திரும்பியதும் தன் அரண்மனைக்கான படத்தை வரைய அவர் கூப்பிட்டது கட்டடக் கலைஞரை அல்ல. மூனிச் நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை தீட்டிய கிறிஸ்தியான் யாங்க்கை. ஓவியர் வரைந்ததை நிற்கும் கட்டடமாக்கும் பொறுப்பு முதலில் எடுவார்ட் ரீடல், பின்பு கேயோர்க் டோல்மன், கடைசியில் யூலியுஸ் ஹோஃப்மன் ஆகியோரிடம் வந்தது. இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், அரண்மனையின் பாதிக் குணம் விளங்கிவிடும். மேடைக்காட்சி போல, சற்று எட்ட நின்று பார்க்கத்தான் இது பிறந்தது.

வேலை மட்டும் நாடகமல்ல. முகட்டில் முன்பே இருந்த இரண்டு சிறு கோட்டைகளின் இடிபாடுகளை அகற்றி, பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சுமார் எட்டு மீட்டர் தாழ்த்தினார்கள். நீராவிப் பாரந்தூக்கி வைத்துப் பொருள்களை மேலேற்றினார்கள். 1879, 1880 என்ற இரண்டே ஆண்டுகளில் 465 டன் சால்ஸ்பர்க் பளிங்கு, 1,550 டன் மணற்கல், 4 லட்சம் செங்கல், 600 டன் சிமெண்ட் மலை ஏறின. வெளியே தெரியும் சுண்ணக்கல் வெறும் போர்வை. உள்ளே இருப்பது செங்கல். வேலையாட்களுக்காக 1870இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால், நோயிலோ விபத்திலோ படுத்தவருக்கு 15 வாரம் வரை கூலி கிடைக்கும். மன்னரும் தன் பங்குக்குக் கணிசமாகக் கொடுத்தார். கனவில் வாழ்ந்தவர் என்று சொல்லப்படும் மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இப்படியும் ஒரு பக்கம் இருந்தது.

கணக்கில் மற்ற பக்கங்கள் அவ்வளவு நன்றாக இல்லை. 32 லட்சம் மார்க் ஆகும் என்று மதிப்பிட்ட வேலை, அவர் சாகும்போது 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது, கட்டடமும் முடியவில்லை. லிண்டர்ஹோஃப், ஹெர்ரன்கீம்ஸே என்று வேறு அரண்மனைகளும் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டிருந்தன. செலவெல்லாம் அரச கஜானாவிலிருந்து அல்ல, மன்னரின் சொந்தப் பணத்திலும் கடனிலும் நடந்தது. கடன் 1 கோடியே 40 லட்சம் மார்க்கை எட்டியபோது அமைச்சரவை விழித்துக்கொண்டது. பெர்ன்ஹார்ட் ஃபான் குடன் தலைமையில் நான்கு மனநல மருத்துவர்கள், நோயாளியை நேரில் சோதிக்காமலே, ஆளத் தகுதியற்றவர் என்று அறிக்கை கொடுத்தார்கள். பிடித்துப்போக வந்த முதல் குழுவை, அரண்மனை வாசலிலேயே மடக்கிச் சிறைவைக்கச் சொன்னார் லூட்விக். இரண்டாவது குழு 1886 ஜூன் 12 விடியற்காலையில் அவரை இங்கிருந்து கொண்டுபோய்விட்டது. மறுநாள் இரவு ஷ்டார்ன்பெர்க் ஏரியில் மன்னரும் மருத்துவர் குடனும் பிணமாகக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்பது இன்றுவரை தீராத வழக்கு.

இந்த அரண்மனையில் அவர் மொத்தமாகத் தங்கியது 172 நாள். வெளியார் கால் படக்கூடாது என்று நினைத்த மனிதர் அவர். இறந்து சரியாக ஏழே வாரத்தில், 1886 ஆகஸ்ட் 1 அன்று கதவைத் திறந்து காசு வாங்கிப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். கடனை அடைக்க வேண்டுமே. அன்று தொடங்கிய வரிசை இன்னும் நிற்கவில்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள். கோடைக்காலத்தில் சில நாள்களில் 6,000 பேர் வரை.

வழி எளிது. மூனிச்சிலிருந்து ஃபியூசன் ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் பத்து நிமிடத்தில் அடிவாரக் கிராமமான ஹோஹென்ஷ்வாங்காவ். சீட்டு கொடுக்கும் இடம் மேலே அரண்மனையில் இல்லை, கீழே கிராமத்தில் இருக்கிறது. இது தெரியாமல் நேரே மலையேறி, பிறகு கீழே இறங்கி வந்தவர்கள் உண்டு. கோடையில் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் அன்றைய சீட்டு தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். சீட்டில் நிமிடக் கணக்காக நேரம் அச்சிட்டிருக்கும். பின்தங்கினால் போனது போனதுதான்.

மேலே ஏற மூன்று வழி: நடை, குதிரை வண்டி, பேருந்து. நடந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. தார்ச்சாலைதான், ஆனால் ஓயாத ஏற்றம். குதிரை வண்டி அரண்மனை வாசல்வரை போகாது, கடைசி ஏற்றத்தைக் கால்தான் கடக்க வேண்டும். பேருந்து அரண்மனைக்கும் மேலே, மரியன் பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து இறங்கி வர வேண்டும். பனி உறைந்தால் பேருந்து கிடையாது. உள்ளே போனால் ஏறும் படி 165, இறங்கும் படி 181. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த இரண்டு எண்களை முதலில் பார்ப்பது நல்லது. பெரிய பைகளுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் அனுமதியில்லை. டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாள்களில் கதவு திறக்காது.

உள்ளே தானாகச் சுற்ற முடியாது. குழுவாக, வழிகாட்டியோடு, ஏறத்தாழ அரை மணி நேரம். படம் எடுக்கத் தடை. அரண்மனைக்குத் திட்டமிட்ட அறைகள் 200க்கு மேல். அலங்காரம் முடிந்தவை பதினைந்து சொச்சம்தான். அந்த அரை மணியில் ஒரு அறைக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. நெடுந்தூரம் வந்தவர்கள் இதில் ஏமாற்றப்பட்டதாக உணர்வது சகஜம். அறைகளைக் குறை சொல்ல முடியாது, நேரம்தான் போதாது.

அரியணை மண்டபம் இரண்டு மாடி உயரம், சுமார் 13 மீட்டர். பைசாந்தியப் பாணி: இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியா போன்ற தங்கநிறச் சுவர், தரையில் விலங்குகளும் செடிகொடிகளுமாகச் சில்லுக்கல் ஓவியம், மேலே மகுட வடிவில் மெழுகுவர்த்திச் சரவிளக்கு. ஒரு கோடியில் பளிங்குப் படிகள் ஏறிப்போகின்றன. படிகளின் உச்சியில் கிறிஸ்துவின் ஓவியத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம். அரியணை வர வேண்டிய இடம் அது. மன்னர் இறந்ததும் வேலை நின்றது. அரியணை வரவே இல்லை. இத்தனை பொன்னையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பேசுவது பெரும்பாலும் அந்தக் காலியிடத்தைப் பற்றித்தான்.

படுக்கையறை வேறு உலகம். கட்டிலின் மேல்விதானம் கோதிக் தேவாலயத்தின் கோபுரக் கூட்டம் போல மரத்தில் குடைந்தது. பதினான்கு தச்சர்கள் நான்கு ஆண்டுக்கு மேல் செதுக்கினார்கள் என்பார்கள். பக்கத்தில் முகம் கழுவும் மேடை; தண்ணீர் கொட்டும் குழாய் வெள்ளிநிற அன்னம். அந்த அன்னத்தின் வாயில் வந்த தண்ணீர், மலையில் மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாய்வழியே தானாக இறங்கி எல்லா மாடிக்கும் போனது. பகலில் தூங்கி இரவில் விழித்திருந்த மன்னர், பணியாளைக் கூப்பிட மின்மணி வைத்திருந்தார். தொலைபேசி இருந்தது. கழிப்பறையில் தண்ணீர் தானே பாய்ந்தது. சுடுகாற்று அறைகளைச் சூடாக்கியது. இரண்டு அறைகளுக்கு நடுவே திடீரென்று வரும் செயற்கைக் குகை கல்லல்ல, சாந்தில் பூசி உருவாக்கியது. அங்கே வண்ண விளக்கும் அருவியும்கூட இருந்தன. பழங்காலத்தை நடிக்க அந்தக் காலத்தின் ஆகப் புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன.

பாடகர் மண்டபம் இருப்பதிலேயே பெரிய அறை, வார்ட்புர்க்கை மனத்தில் வைத்துச் செய்தது. மன்னர் இருந்தவரை அங்கே ஒரு கச்சேரியும் நடக்கவில்லை. முதல் கச்சேரி 1933இல், வாக்னர் இறந்த ஐம்பதாம் ஆண்டு நினைவாக நடந்தது. வாக்னரோ இந்த அரண்மனைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. மன்னர் இங்கே குடிவந்தது 1884இல். அதற்கு முந்தைய ஆண்டே இசையமைப்பாளர் இறந்துவிட்டார்.

உள்ளே கிடைக்காதது மரியன் பாலத்தில் கிடைக்கும். பொல்லாட் ஆற்றின் மலையிடுக்கின் மேல், தரையிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில் தொங்குவதுபோல நிற்கும் இரும்புப் பாலம். லூட்விக்கின் தந்தை, தன் மனைவி மரீயின் பெயரில் முதலில் மரத்தால் போட்டார். மகன் அதை இரும்பாக்கினார். பாலத்தின் பலகைகள் நடப்பவர்களின் எடையில் லேசாக அதிரும். பலகை இடுக்கில் கீழே வெள்ளை நுரை தெரியும். தலைநிமிர்ந்தால் எதிரே அரண்மனையின் முழுப் பக்கவாட்டுத் தோற்றம், பின்னால் சமவெளி, ஃபோர்கன் ஏரி. யாங்க் தீட்டிய படத்தில் நின்று பார்ப்பது போன்ற கோணம் இதுதான். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளே போகும் சீட்டை விட்டுவிட்டு இங்கே வருவதே மேல். உறைபனிக் காலத்தில் பாலத்தை அடிக்கடி மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அரண்மனையின் தனிமை வேறு விதமாகப் பயன்பட்டது. பிரான்சில் யூதக் குடும்பங்களிடமிருந்து நாஜிகள் பறித்த கலைப்பொருள்களை மலைமேல் குவித்துவைத்தார்கள். எதைக் கொள்ளையடித்தோம் என்ற பட்டியல்களும் இங்கேதான் இருந்தன. 1945 மே மாதம் அமெரிக்கப் படையினர் வந்தபோது அவை சிக்கின. பொருள்களை உரியவர்களிடம் திருப்பிச் சேர்க்க அந்தக் காகிதங்கள் பெரிதும் உதவின.

பெயருக்கும் ஒரு வழக்கு நடந்தது. நினைவுப்பொருள்களில் 'நொய்ஷ்வான்ஷ்டைன்' என்பதை வணிகக்குறியாகப் பதிந்துகொள்ள பவேரிய அரசுக்கு உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. எதிர்த்தவர்கள் நினைவுப்பொருள் வணிகர்கள். 2025 ஜூலையில் இதுவும் லிண்டர்ஹோஃப், ஷாகன், ஹெர்ரன்கீம்ஸே ஆகியவையும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கூட்டம் இன்னும் கூடும் என்ற பயம் உள்ளூரில் இருந்தது. விண்ணப்பிக்கலாமா என்று 2023இல், அரண்மனை அமைந்த ஷ்வாங்காவ் ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை சரி என்றது.

சுற்றுலா முடிவது சமையலறையில். அடுப்பில் எழும் வெப்பத்திலேயே சுழலும் இறைச்சிக் கம்பி, பெரிய செப்புப் பாத்திரங்கள், அப்புறம் கடை, காபி. வெளியே வருகிறவர்கள் மேல்முற்றத்தில் தரையைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். தளக்கற்களில் ஒரு கட்டடத்தின் அடிக்கோடு பதிந்திருக்கிறது. தேவாலயத்தை அடியில் வைத்து 90 மீட்டர் உயரத்துக்கு எழுப்பத் திட்டமிட்ட நடுக்கோபுரம் அது. அடித்தளத்துக்கு மேல் அது எழவே இல்லை. கோட்டின் மேல் நின்றபடி எல்லோரும் வேறு கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.