நிழல் விழுந்தால் மீன் போயிடும்: கரையில் நின்று மீன் பிடித்தவர்களின் கதை

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். தண்ணீர் ஓரத்தில் நல்ல இடம் காலியாகக் கிடந்தது. அவர் என்னடான்னா நாலைந்து எட்டு பின்னால் தள்ளி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்ததும் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"அங்கிட்டு நிக்காதீங்க தம்பி. நெழல் விழுந்தா மீன் போயிரும்."

இது அனுபவத்தில் வரும் சாதாரணப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டும்போது அதே விஷயம் கண்ணில் பட்டது. அதிலிருந்துதான் இந்தக் குறிப்பு வளர்ந்தது. படகு இல்லை, பெரிய வலை இல்லை. கரையில் நிற்கிற ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்த அறிவு எவ்வளவு பழசு? அதற்கு இப்போது என்ன ஆயிற்று?

இரையைத் திருடிய வாளை

பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அதில் தூண்டில் போடும் ஒரு பாணன் வருகிறான். அவனுடைய சாமான்களைப் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறார்: இரைக்கான பச்சை இறைச்சி போட்ட தோல் பை, நீளமான மூங்கில் கோல், அதில் கட்டிய கயிறு, நுனியில் வளைந்த இரும்பு முள். நைலான் நரம்பும் பிளாஸ்டிக் மிதப்பும் நீங்கலாக, இன்றைக்குக் கண்மாய்க் கரையில் பார்க்கிற தூண்டில் இதேதான்.

அடுத்து வருவதுதான் முக்கியம். ஒரு வாளை மீன் முள்ளில் மாட்டாமல் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அது நிம்மதியாக இல்லை. நீரோரம் வளர்ந்த பிரம்பின் நிழல் தண்ணீரில் அசைந்தால்கூட, தூண்டில் கோலோ என்று மிரள்கிறது.

இதைக் கற்பனை நயம் என்று உரை சொல்லிக் கடந்துவிடலாம். தூண்டில் போட்டவர்களுக்கு இது நயமில்லை, நேரில் பார்த்த விஷயம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளிவிலகல் காரணமாக, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. அந்த வட்டத்தின் விளிம்பில், தாழ்வாக இருக்கும் பொருட்கள் நசுங்கி மங்கலாகத் தெரியும். உயரமாக நிற்பவை தெளிவாகத் தெரியும். நின்றால் தெரிவீர்கள், பின்தள்ளி உட்கார்ந்தால் அநேகமாகத் தெரியமாட்டீர்கள். பெரியவர் ஏன் பின்னால் குந்தியிருந்தார் என்பதற்கு இதுதான் பதில்.

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653ல் வெளியிட்ட தூண்டில் நூலிலும் இந்த விஷயம் இருக்கிறது. 'சப்' என்ற கெண்டை வகை மீன், கோலின் நிழல் பட்டதும் அடியில் போய்விடும், மேலே ஒரு பறவை பறந்தால்கூட அப்படித்தான் என்று எழுதுகிறார். காஞ்சிக்குப் போகும் வழியிலும் ஆங்கிலேய ஆற்றங்கரையிலும் ஒரே கவனிப்பு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. மீனைத் தேடி உள்ளே போக முடியாதவன் மீன் தன்னிடம் வரும்வரை காத்திருக்கிறான். காத்திருக்கிறவன் கவனிக்கிறான், அவ்வளவுதான்.

வரால் ஏன் இழுத்தாலும் வராது

அகநானூறு 36வது பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை வென்ற செய்தி அதில் இருப்பதால் வரலாற்று ஆய்வாளர்கள் அடிக்கடி தொடும் பாட்டு. போர்ச் செய்தியைத் தேடிப் போகிறவர்கள் தொடக்கத்தில் உள்ள மீனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விடியற்காலைக் குளம். உடம்பில் வரிகள் உள்ள பெரிய ஆண் வரால் ஒன்று, வளைந்த இரும்பில் குத்திய இரையை விழுங்கிவிடுகிறது. பிறகு ஆம்பல் இலையைக் கிழிக்கிறது, குவளைப் பூக்களைச் சிதைக்கிறது, வள்ளைக் கொடிகளில் சிக்கிக் கலைக்கிறது. தூண்டில்காரன் இழுத்தால் வரவில்லை. கயிறு போட்டதும் சீறும் காளையைப் போல அது குளத்தையே கலக்குகிறது.

இதையே கரைமீன்பிடிப்புப் பாடமாகப் படித்துப் பாருங்க. நேரம்: விடியல். இடம்: குளத்தின் நடு இல்லை, செடி கொடி அடர்ந்த பகுதி. பிரச்சினை: மாட்டிய மீன் கொடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்வது. மூன்றும் இன்றைக்கும் சரி.

வரால் (பேச்சில் விரால்) செவுளால் மட்டும் பிழைக்க முடியாத மீன். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அதனால் ஆக்சிஜன் குறைந்த, செடி மண்டிய ஆழமில்லாத ஓரத்திலும் அது வாழும். மற்ற பல மீன்களுக்கு அங்கே மூச்சு முட்டும். பதுங்கியிருந்து தவளையையும் சின்ன மீனையும் பிடிக்கவும் அந்த இடம்தான் தோது. கரையில் நிற்பவருக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு பெரிய மீன் இருப்பதற்குக் காரணம் இதுதான். அது மூச்சுவிட வரும்போது தண்ணீர் மேல் எழும் சின்னச் சுழிப்பைப் பார்த்து அதன் பக்கத்தில் இரையைப் போடுவார்கள். கெட்டியான கயிறு வேண்டும், மாட்டியதும் கொடிக்குள் நுழைய விடாமல் உடனே இழுக்க வேண்டும். நக்கீரரின் தூண்டில்காரன் அதில்தான் கோட்டை விட்டான்.

இது பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சங்கப் பாடல்கள் சொல்லிவிடுகின்றன. ஐங்குறுநூறு 48ல் ஒரு பாண்மகள் கூடையில் வரால் கொண்டுவந்து கொட்டுகிறாள். வீட்டுக்காரி அதே கூடையில் பழைய வெண்ணெல்லை நிரப்பித் தருகிறாள். அவளுடைய தகப்பன் வலை வீசுவதில் கெட்டிக்காரன். நிலம் இல்லாத வீட்டுக்கு நெல் வந்தது தண்ணீர் ஓரத்திலிருந்து.

மீன் யாருடையது?

தண்ணீர் ஓரத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற நிலை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருவாய் வருகிறது. ஏரி மீன் மீதான குத்தகை அது. ஏரி மீனால் கிடைத்த வருமானத்தை அந்த ஏரியையே ஆழப்படுத்தவும் பராமரிக்கவும் ஒதுக்கினார்கள். மீன் தூரெடுக்கும் கூலியாக மாறியது. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. அந்தப் 'பாசி' இன்னும் சாகவில்லை. கிராமங்களில் இன்றைக்கும் 'மீன்பாசி ஏலம்', 'மீன்பாசி குத்தகை' என்றுதான் சொல்கிறோம்.

குத்தகைக்கு வெளியே ஏழைக்கு ஒரு வாசல் மீன்பிடித் திருவிழா. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமெல்லாம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். உடனே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். கிடைத்தது அவரவருக்கு, விற்பனை கிடையாது. ஒரு நாள் மட்டும் குத்தகையும் இல்லை, கரையும் இல்லை.

1873: இரண்டு புத்தகங்கள்

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கேள்வி வேறு மாதிரி திரும்பியது. 1873ல் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சியாளரான பிரான்சிஸ் டே எழுதிய, இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கை. இன்னொன்று, தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்த எச். எஸ். தாமஸ் மங்களூரில் அச்சிட்ட 'தி ராட் இன் இந்தியா'. தாமஸ் 1887ல் குளம், ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார்.

டேயின் கவலை மீன் குறைவது பற்றியது. சின்னக் கண்ணி வலைகள், வயல் வாய்க்கால்களில் வைக்கும் பொறிகள், குஞ்சு மீன்களை அள்ளுவது என்று அவர் வரிசைப்படுத்தினார். தாமஸ் வேட்டைப் பிரியர். ஆனாலும் வெறும் வேட்டைக்காரர் இல்லை. தன் நூலின் துணைத்தலைப்பிலேயே மீன் வளர்ப்பையும் மீனின் மதிப்பையும் சேர்த்திருந்தார். இப்படிப்பட்ட கவலைகளின் தொடர்ச்சியாக 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்து மீன் பிடிப்பதும், தண்ணீரில் நஞ்சு கலப்பதும் குற்றமாயின. அது நல்ல சட்டம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். வயல் வரப்பில் பொறி வைத்த ஏழை, அறிக்கையில் மீனை அழிப்பவன். கோலோடு கரையில் நின்ற துரை, விளையாட்டு வீரர். டே நேர்மையானவர், அரசாங்கத்தின் அணைக்கட்டுகளையும் விடவில்லை. 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய மேலணையும் கீழணையும் பாசனத்துக்குப் பெரும் உதவி. ஆனால் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீனுக்கு கீழணை சுவர். மேலே போக முடியாமல் அணையின் காலடியில் மீன் குவிந்தது, அங்கே பிடிப்பதும் சுலபமானது. 1934ல் மேட்டூர் அணை வந்து வெள்ளமும் குறைந்த பிறகு காவிரியில் உல்லம் அநேகமாகக் கதையாகிவிட்டது.

கரையில் நிற்பவருக்கு இதில் ஒரு சங்கடமான பாடம் இருக்கிறது. அணைக்கட்டின் அடி, கலுங்கு, மடை வாய், புதுத் தண்ணீர் வந்து சேரும் இடம் எல்லாம் மீன் சேரும் இடங்கள். சில சமயம் இரைக்காகச் சேருகிறது, சில சமயம் வழி மறிக்கப்பட்டதால் சேருகிறது. முதல் மழையில் எதிரேறி வரும் மீன் வயிறு நிறைய முட்டையோடு வருகிறது. அங்கே கிடைக்கும் மீன் நம் திறமைக்குக் கிடைத்ததில்லை.

ஜிலேபி வந்த பிறகு

1952ல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. நம்மூரில் ஜிலேபிக் கெண்டை. ஆழமில்லாத ஓரத்தில் ஆண் மீன் வட்டமாகக் குழி பறிக்கும், பெண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். எல்லாத் தண்ணீரிலும் பெருகும், மண்புழுவோ மாவு உருண்டையோ எதைப் போட்டாலும் கடிக்கும். தூண்டில் பழகும் பிள்ளைகளுக்கு முதல் மீன் இப்போது பெரும்பாலும் இதுதான். கூடவே நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் அது எடுத்துக்கொண்டது.

வராலும் ஓரத்தில்தான் குடும்பம் நடத்துகிறது. செடிகளை ஒதுக்கிக் கூடு அமைத்து, சிவந்த குஞ்சுகள் திரளாக மேலே மிதக்கும்போது அடியில் காவல் நிற்கும். அந்தத் திரள் மேல் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான நேரம் கிடையாது. பிடித்தால் காவல் போய்விடும், குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் முடித்துவிடும். தெரிந்தவர்கள் சிவப்புத் திரளைக் கண்டால் தூண்டிலை வேறு பக்கம் போடுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டாயிரம் வருஷமாகச் சேர்ந்த கரைக்காரரின் அறிவு இவ்வளவுதான்: விடியலிலோ பொழுது சாயும்போதோ போங்க. சூரியனை முதுகில் வாங்காதீங்க, உங்க நிழல் முன்னால் விழும். பின்தள்ளி உட்காருங்க, தரை அதிர நடக்காதீங்க. நடுக்குளத்துக்கு வீசுவதை விட்டுட்டு, செடி ஓரத்தையும் மர நிழலையும் மடை வாயையும் பாருங்க. குஞ்சு காக்கும் மீனை விட்டுடுங்க. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இதில் எதுவுமே ஓரம் இல்லாத தண்ணீரில் பலிக்காது. ஊர்க் குளங்களை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் வைத்து, ஆம்பலையும் கோரையையும் வழித்தெடுத்து, மேலே நடைபாதை போடுகிறோம். தண்ணீர் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. வரால் கூடு கட்டும் ஆழமில்லாத ஓரம் போய்விட்டது. நக்கீரரின் வரால் கிழித்த ஆம்பல் இலை அங்கே இல்லை, உருத்திரங்கண்ணனாரின் வாளை மிரண்ட பிரம்பும் இல்லை. ஒரு குளத்தைச் சீரமைக்கும்போது ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, செடியோடு விட்டுவைக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு இரண்டு கெளுத்தியும் நாலு ஜிலேபியும் கிடைத்தன. "விரால் இல்லையா ஐயா?" என்று கேட்டேன். "அந்தா, அந்தக் கோரைக்குள்ள ஒண்ணு கிடக்கு. குஞ்சோட நிக்குது. கெடக்கட்டும்" என்றார்.