எரியாத போர்டும் ஓர் ஆஸ்கர் விருதும்

ப்ரொஜெக்டர் டெவலப்மென்ட் போர்டு ஒன்றோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். அடாப்டரைச் செருகினால் பச்சை எல்.இ.டி. எரியும், சுவரில் மட்டும் ஒன்றும் விழாது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சப்ளை சரியாகவே இருந்தது.

தப்பு என்னுடையதுதான். கரண்ட் கொடுத்தால் மட்டும் போதாது, 'ப்ரொஜெக்டர் ஆன்' என்ற சிக்னலும் தனியாகப் போக வேண்டும். அந்த ஸ்விட்சை நான் தொடவே இல்லை.

எதற்கு இவ்வளவு பிகு? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1977 முதல் பத்து வருஷம் அனலாக் கண்ணாடிகளோடு போராடினார். வோல்ட்டேஜுக்கு ஏற்றபடி வளைய வேண்டியவை, எல்லாம் ஒரே மாதிரி வளையவில்லை. 1987-இல் வழியை மாற்றினார்: கண்ணாடி இந்தப் பக்கம் சாயும், இல்லை அந்தப் பக்கம் சாயும்; நடுவில் நிற்காது. 1999-இல் ஸ்டார் வார்ஸ் படமொன்று அமெரிக்காவில் சில திரைகளில் ஃபிலிமே இல்லாமல் ஓடியதில் இந்தச் சில்லுக்கும் பங்குண்டு. 2015-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது (இன்ஜினியருக்கு ஆஸ்கர்!).

ஆனால் தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கண்ணாடிகள் ரொம்ப நோஞ்சான். பயாஸ், ஆஃப்செட், ரீசெட் என்ற மூன்று வோல்ட்டேஜும் முறைப்படிதான் ஏற வேண்டும். அணைக்கும்போது கண்ணாடிகளை முதலில் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். சட்டென்று வயரைப் பிடுங்கினால் ஆயுள் குறையும். அதற்குத்தான் அந்தத் தனி சிக்னல்.

அந்த இரண்டு ராத்திரியும் கோபத்தில் எத்தனை தடவை பிடுங்கியிருப்பேனோ! கண்ணாடிகள் விழிக்கவே இல்லை, அதனால் பிழைத்தன.