இயந்திரத்தின் மறதியும் ஒரு பாதிரியாரின் கணக்கும்

ஓல்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இருந்து சிட்டி ரோட்டால் கொஞ்ச தூரம் நடந்தால் பன்ஹில் ஃபீல்ட்ஸ் வரும். மத்தியானத்தில் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்காரும் பழைய இடுகாடு அது. வில்லியம் பிளேக்கும் டேனியல் டீஃபோவும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் குடும்பக் கல்லறையும் அங்கே இருக்கிறது. நான் வேலை செய்யும் ஐடி துறையில் எல்லோரும் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கதைக்கும் இந்தக் காலத்தில், அதன் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று இவரிடம்தான் போய் முடிகிறது.

பேய்ஸ் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற வழி இல்லை. அதனால் எடின்பரோவுக்குப் போய்ப் படித்தார். 1761இல் இறந்தபோது அவருடைய தாள்களுக்குள் வெளியிடப்படாத ஒரு கட்டுரை இருந்தது. நியூவிங்டன் கிரீனில் பாதிரியாராக இருந்த ரிச்சர்ட் பிரைஸ் அதைத் திருத்தி, லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1763 டிசம்பர் 23இல் அது அங்கே வாசிக்கப்பட்டது.

அதிலுள்ள கருத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு மேசையில் ஒரு பந்து நிற்கிறது. எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. இன்னொரு பந்தைப் பல தடவை உருட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது முதல் பந்துக்கு இடப்பக்கம் நின்றதா, வலப்பக்கம் நின்றதா என்று மட்டும் சொல்கிறார்கள். ஒவ்வொரு செய்தியும் வர வர உங்கள் ஊகம் ஒடுங்கும். எங்கே என்பதோடு, எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதும் உங்கள் கையில் இருக்கும். நேற்றைய முடிவு இன்றைய தொடக்கம் ஆகிறது.

இப்போது நரம்பியல் வலையமைப்புக்கு வருவோம். அது கற்றதெல்லாம் ‘எடைகள்’ எனப்படும் எண்களில் இருக்கிறது. சாதாரண வலையமைப்பில் ஒவ்வொரு எடையும் ஒரே ஒரு எண். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பு எதுவும் கூட இருக்காது. 1989இல் மெக்லாஸ்கியும் கோஹனும் ஒரு சிறிய வலையமைப்புக்கு முதலில் ஒன்றைக் கூட்டும் கணக்குகளைப் பழக்கினார்கள். அது நன்றாகக் கற்றது. பிறகு இரண்டைக் கூட்டப் பழக்கினார்கள். அதைக் கற்கத் தொடங்கியதுமே பழைய கணக்குகள் போய்விட்டன. புதிய பாடம் எந்த எடையையும் விருப்பப்படி மாற்றியதுதான் காரணம்.

நம்மில் பலருக்கு இது புதுக்கதை இல்லை. நர்சரிக்குப் போகும்வரை அம்மம்மாவோடு தமிழில் மட்டும் கதைத்த பிள்ளை, இரண்டு வருடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்கிறது. ஆனால் பிள்ளைக்குத் தமிழ் விளங்காமல் போவதில்லை. இயந்திரத்தின் மறதி அதைவிட மோசமானது. மறந்தது அதற்கே தெரியாது. பிழையான விடையையும் அதே உறுதியோடு சொல்லும்.

2017இல் லண்டனில் உள்ள டீப்மைண்ட் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பழைய பாடத்துக்கு எந்த எடைகள் முக்கியம் என்று முதலில் மதிப்பிடு. முக்கியமானவற்றை ரப்பர் பட்டியால் கட்டியதுபோல் இறுக்கிப் பிடி. மற்றவற்றைப் புதிய பாடத்துக்கு விட்டுக்கொடு. பேய்ஸின் கணக்குத்தான் இதற்கு அடிப்படை.

எது முக்கியம் என்று அளக்க அவர்கள் எடுத்த கருவிக்கு ‘ஃபிஷர் தகவல்’ என்று பெயர். ரொனால்ட் ஃபிஷர் 1933இல் இருந்து யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பேராசிரியராக இருந்தவர். பேய்ஸ் வழியிலான கணிப்பைக் கடுமையாக எதிர்த்தவர். மனித இனத்தைத் ‘தரம் உயர்த்தும்’ யூஜெனிக்ஸ் கொள்கையை ஆதரித்தவரும்கூட. கணக்கை எடுத்துக்கொள்ளும்போது இதையும் மறக்கக் கூடாது. அந்தத் தகவலுக்கும் நிச்சயமின்மைக்கும் உள்ள உறவை 1945இல் கல்கத்தாவில் நிறுவியவர் சி. ஆர். ராவ். தகவல் குறைவாக இருந்தால், பக்கச்சாய்வு இல்லாத எந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மையும் ஒரு எல்லைக்குக் கீழே போகாது என்று அவர் காட்டினார். அப்போது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை. பின்னர் கேம்பிரிட்ஜில் ஃபிஷரிடமே முனைவர் பட்டம் செய்தார்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. டீப்மைண்ட் வலையமைப்பு அட்டாரி விளையாட்டுகளை மாறி மாறிக் கற்றது. முன்பைவிடக் குறைவாகவே மறந்தது. ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வலையமைப்பு வைத்ததற்கு ஈடாகவில்லை. ஏன் என்று அவர்களே சோதித்தார்கள். ‘முக்கியமில்லை’ என்று முறை ஒதுக்கிய எடைகளைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால், விளையாட்டு கெட்டது. அதாவது, தன் நிச்சயமின்மையை அது குறைத்து மதிப்பிட்டிருந்தது. ஏராளமான எடைகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று முழுதாகக் கணக்கிட முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தார்கள். பிணைப்பு கைவிட்டுப் போனது. இப்படிப்பட்ட சுருக்கு வழிகளின் பிழை, பாடம் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போகலாம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு முறை பழைய தரவில் சிறு பகுதியையும் கூடவே வைத்துக்கொண்டது. நாம் பழைய கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது போல.

இது ஆய்வகத்து விஷயம் மட்டும் இல்லை. புதிய ஸ்கேன் படங்களால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மருத்துவக் கருவி ஒன்றை நினைத்துப் பாருங்கள். ‘எனக்கு உறுதியில்லை, டாக்டர் பார்க்கட்டும்’ என்று அது சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாவிட்டால், பாதிக்கப்படுவது ஒரு நோயாளி. ஆகவே ஒரு இயந்திரம் எத்தனை வீதம் சரி என்று கேட்டால் போதாது. பிழைவிடும்போது தன் உறுதியைக் குறைத்துக் காட்டுகிறதா, புதியதைக் கற்ற பிறகும் அதை மறுபடி சோதித்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

ஏ லெவலில் கணிதம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நிபந்தனை நிகழ்தகவு என்ற பாடம் வரும்போது ‘பரீட்சைக்கு மட்டும்’ என்று தள்ளிவைக்காதீர்கள். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.