கல்லூரி செட்டர்களைத் தொழில்முறை வாலிபாலுக்குத் தேர்ந்தெடுத்தல்

எதிரணியின் சர்வீஸை ஒருவர் எடுத்துக் கொடுக்க, அந்தப் பந்தை அட்டாக்கருக்கு ஏற்றித் தருபவர் செட்டர். ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் இரண்டாவது தொடுதல் அவருடையதுதான். யார் அடிப்பது, எந்த மூலையிலிருந்து, எவ்வளவு உயரத்தில் என்பதை அவரே முடிவு செய்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் வகிக்கும் பொறுப்பு இது. ஆனால் அட்டாக்கரைப் போல அவர் பெயரில் புள்ளிகள் சேர்வதில்லை. அதனால் கல்லூரி ஆட்டத்தை வைத்து ஒரு செட்டரை எடைபோடுவது தேர்வாளர்களுக்கு மிகக் கடினமான வேலை.

இந்தியாவில் 2019இல் நடந்த புரோ வாலிபால் லீக்கைச் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்றது; அது ஒரே பருவத்தோடு நின்றது. 2022இல் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியது. அணிகள் ஏலத்தில் வீரர்களை எடுக்கின்றன. கல்லூரி வீரர்கள் வெளியே தெரியவரும் பெரிய களம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டல, அகில இந்தியப் போட்டிகள்.

முதல் பந்து வலையருகே அழகாக வந்துவிட்டால் எந்தச் செட்டரும் நன்றாகத்தான் தெரிவார். பார்க்க வேண்டியது முதல் பந்து கெட்ட பிறகு நடப்பதை. பந்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் விலகிப் போகிறது, செட்டர் ஓடுகிறார். பந்துக்கு முன்னதாகவே கால்கள் போய் நின்றுவிட்டனவா? பின்பக்கம் தூக்கப்போகும்போது பந்து கைக்கு வருமுன்பே முதுகு வளைந்தால், எதிரே நிற்கும் பிளாக்கர் திசையைப் படித்துவிடுவார். கல்லூரியில் தப்பிவிடும் இந்தக் குறை, கடுமையான ஜம்ப் சர்வீஸும் உயரமான பிளாக்கும் உள்ள லீக்கில் தப்பாது. பிரைம் லீக்கில் ஒரு செட் 15 புள்ளிகளே. தடுமாறிய செட்டர் சுதாரிக்க அவகாசம் குறைவு.

உயரமும் கணக்கில் வரும். ஆண்களுக்கான வலை 2.43 மீட்டர். முன்வரிசையில் செட்டர் பெரும்பாலும் வலப்பக்கம் நிற்பதால், எதிரணியின் இடப்பக்க அட்டாக்கரைத் தடுக்கும் வேலை அவருக்கு வந்து சேர்கிறது. ஆனாலும் உயரத்தை முதலில் அளந்துவிட்டு கையைப் பிறகு பார்ப்பது தவறான வரிசை.

கூட ஆடுபவர்களின் தரம் கணிப்பை இருபக்கமும் கெடுக்கிறது. வலுவான தனியார் பல்கலைக்கழக அணியின் செட்டர் இருப்பதைவிடப் பெரியவராகத் தோன்றுவார். தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவர், மதுரை காமராசர் பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்தால்தான் மண்டலப் போட்டியில் கண்ணில் படுவார். நுழையாவிட்டால் அவரைத் தேடி ஆள் வருவது அரிது. இது அநியாயம், அணிகளுக்கும் நஷ்டம். அமெரிக்காவிலும் மிச்சிகன் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளின் தேர்வில் 199ஆவது ஆளாகவே எடுக்கப்பட்டார். பின்னர் 7 சூப்பர் பவுல் பட்டங்கள் வென்றார்.

செட்டர் முதிரக் காலம் பிடிக்கும். தமிழ்நாட்டின் முத்துசாமி தலைமையில் 2023இல் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் பிரைம் லீக் கோப்பை வென்றது. மற்றொரு தமிழ்நாட்டுச் செட்டரான மோகன் உக்கிரபாண்டியன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய அணித் தலைவர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024இல் சென்னையில் காலிகட் ஹீரோஸ் பட்டம் வென்றபோதும் அந்த அணியில் அவர் இருந்தார்.